மதுரையில் வெளியே சாப்பிட: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் நல்ல கடை எது என்று கேட்பவர்கள், எத்தனை மணிக்குப் போவது என்று கேட்பதில்லை. இங்கே பாதி ருசி அந்த நேரத்தில்தான் இருக்கிறது. பன்னிரண்டரைக்குக் கிடைக்கும் ஈரல் மூன்று மணிக்கு இருக்காது. ஏழரைக்கு அடித்துப் போடும் பரோட்டா பதினொன்றரைக்கு அதே பரோட்டா இல்லை. கீழே உள்ள பதில்களில் கடைப் பெயர்களை விட மணிக்கணக்கு அதிகம் இருப்பது அதனால்தான்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. எப்போது எதைச் சாப்பிடுவது?

காலை ஆறரையிலிருந்து எட்டரைக்குள் இட்லி, பொங்கல், காபி. மதியம் பன்னிரண்டரைக்கு மெஸ் சாப்பாடு. நான்கு மணிக்கு மேல் வெள்ளையப்பம், பஜ்ஜி, பருத்திப்பால். இருட்டிய பிறகு பரோட்டா அல்லது கறிதோசை, இரண்டில் ஒன்று மட்டும். ஜிகர்தண்டாவை மதியச் சாப்பாட்டுக்கும் மாலைப் பலகாரத்துக்கும் நடுவே வையுங்கள். வயிறு நிறைந்திருக்கும்போது குடித்தால் இனிப்பு திகட்டும், பாதியில் வைத்துவிடுவீர்கள்.

ஒரு வேளைக்கு ஒரு கடை என்று வைத்துக்கொள்வது நல்லது. மூன்று மெஸ்ஸில் கொஞ்சம் கொஞ்சமாக ருசி பார்ப்பது நடக்காத காரியம். உட்கார்ந்தால் சாப்பாடு சொல்லியாக வேண்டும், சாப்பிட்டால் வயிறு நிறைந்துவிடும்.

மீனாட்சியம்மன் கோயிலுக்கு வருகிறோம். சாப்பாட்டை எப்படிப் பொருத்துவது?

கோயில் நடை மதியம் சுமார் 12.30-க்குச் சாத்தி, மாலை 4 மணிக்குத் திறக்கும். அந்த மூன்றரை மணி நேரம் சாப்பாட்டுக்கென்றே அமைந்த இடைவெளி. காலைத் தரிசனம் முடித்து நேராகச் சாப்பிடப் போகலாம். மாலைத் தரிசனம் என்றால் மதியம் சைவமாக முடித்துக்கொண்டு, அசைவத்தை இரவுக்கு வைப்பதுதான் பெரும்பாலான குடும்பங்களின் வழக்கம்.

கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. யு.பி.ஐ. மட்டும் நம்பி வருபவர்கள் போனைப் பாதுகாப்பு அறையில் கொடுத்துவிட்டு, கையில் காசில்லாமல் சித்திரை வீதியில் நிற்பது அடிக்கடி நடக்கிறது. நூறு, ஐம்பது, பத்து என்று கொஞ்சம் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். தள்ளுவண்டிகளுக்கும் அது உதவும்.

மெஸ்ஸில் உட்கார்ந்ததும் பெரிய தட்டில் வறுவல் வகைகளைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். அது சாப்பாட்டோடு சேர்ந்ததா?

சேர்ந்தது இல்லை. இதுதான் வெளியூர்க்காரர்களுக்கு பில் எகிறும் இடம். சாப்பாடு என்றால் சோறு, கூட்டு, பொரியல், அப்பளம், குழம்பு வகைகள், ரசம், மோர். மட்டன், சிக்கன், மீன், நண்டு என்று குழம்பு நாலைந்து இருக்கும். கேட்டால் ஊற்றுவார்கள், அதற்குத் தனிக்காசு கிடையாது. ஆனால் குழம்பில் துண்டு எதிர்பார்க்காதீர்கள். துண்டு வேண்டுமென்றால் அந்தத் தட்டில் இருப்பதைத்தான் எடுக்க வேண்டும். சுக்கா, கோலா உருண்டை, ஈரல், மூளை, குடல், தலைக்கறி, சுவரொட்டி, ரத்தப் பொரியல், நல்லி, காடை, நண்டு, இறால் என்று வரிசையாக இருக்கும் (சுவரொட்டி என்பது மண்ணீரல்), ஒவ்வொன்றுக்கும் தனி விலை.

கிண்ணத்தைத் தொடுவதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள்: "அண்ணே, சுக்கா எவ்வளவு, கோலா எவ்வளவு?" யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். இலையில் வைத்த பிறகு கேட்டால் திருப்பிக் கொடுக்க முடியாது. இருவருக்கு ஒரு சுக்கா, ஒரு உறுப்புக்கறி, ஒரு கோலா போதும். சோறும் நாலு குழம்பும் இருக்கும்போது அதற்கு மேல் இறங்காது.

உறுப்புக்கறிக்கு மட்டும் சீக்கிரம் போக வேண்டும். ஓர் ஆட்டுக்கு ஒரு மூளை, ஒரு சுவரொட்டி, ஒரு ஈரல்தான். கறி எவ்வளவு விற்றாலும் இவை பெருகாது, இரண்டு மணிக்குள் தீர்ந்துவிடும். ஈரல் தாமதமாகக் கிடைத்தாலும் பயனில்லை. வறுத்து ஒரு மணி நேரம் சட்டியில் கிடந்தால் இறுகி ரப்பராகிவிடும்.

தல்லாகுளம் பக்கம் அம்மா மெஸ், சந்திரன் மெஸ், குமார் மெஸ் என்று பேர்போன மெஸ்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒன்றில் கூட்டம் என்றால் அடுத்ததற்கு நடந்தே போகலாம். ஞாயிறு மதியம் ஒரு மணிக்குப் போய் உடனே இடம் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். பன்னிரண்டேகாலுக்குப் போங்கள்.

இலைச் சாப்பாட்டில் தெரியாமல் செய்யும் தவறுகள் என்ன?

இலையின் நுனி இடப்பக்கம் இருக்க வேண்டும். தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டு உட்காருங்கள். சோறு வைக்கும்போதே எவ்வளவு வேண்டுமென்று சொல்லுங்கள். போதும் என்றால் கையை இலைக்கு மேல் குறுக்கே நீட்டினால் புரிந்துகொள்வார்கள். முதல் சோற்றிலேயே வயிற்றை நிரப்பிவிட்டு ரசத்துக்கு இடமில்லாமல் முழிப்பவர்கள் அதிகம். முதல் சுற்றுக்குக் கைப்பிடி அளவு சோறு போதும், அதையே மட்டன் குழம்புக்குக் கொஞ்சம், மீன் குழம்புக்குக் கொஞ்சம் என்று பிரித்துக்கொள்ளலாம். மீன் குழம்பைக் கறிக் குழம்புக்குப் பிறகு ஊற்றுவது நல்லது. புளி முன்னால் ஏறிவிட்டால் கறிக் குழம்பின் மிளகும் சோம்பும் நாக்கில் படாது.

முடிந்ததும் இலையின் மேல்பாதியை உங்களை நோக்கி மடியுங்கள். சில மெஸ்களில் இலையை நாமே எடுத்துப் போட வேண்டும், பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் செய்யுங்கள். கூட்ட நேரத்தில் உங்கள் நாற்காலிக்குப் பின்னால் ஒருவர் நின்று காத்திருப்பார். அது இங்கே சகஜம், அவசரப்படுத்துவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அயிரை மீன் குழம்புக்கு ஏன் இவ்வளவு விலை?

மீன் சிறிது, வேலை பெரிது. விரல் நீளம்கூட இல்லாத கண்மாய் மீன் இது. சேற்றில் மேய்வதால் வயிற்றில் மண் இருக்கும். அறுத்துச் சுத்தம் செய்ய முடியாத அளவுக்குச் சின்னது, ஆகவே உயிரோடு வாங்கி அதுவே மண்ணைக் கக்கும்படி செய்கிறார்கள். தேங்காய்ப்பால் கலந்த தண்ணீரில் விட்டால் மீன் அதைக் குடித்து மண்ணை வெளியேற்றும். பிறகு சொரசொரப்பான மண்சட்டியில் கல் உப்புப் போட்டு வழுவழுப்பு போகும்வரை உரசி, நாலைந்து தண்ணீரில் அலசுவார்கள். இந்த வேலையைக் குறைத்தால் முதல் கவளத்திலேயே மண் நறநறக்கும். செத்த மீனை வாங்கினால் மண்ணைக் கக்க வைக்கவே வழியில்லை, அதனால் கடைக்காரர்கள் உயிர்மீனுக்குத்தான் விலை கொடுக்கிறார்கள். கண்மாயில் தண்ணீர் குறைந்தால் வரத்து குறையும், விலை ஏறும்.

தலை, முள்ளோடு முழுதாகவே சாப்பிட வேண்டும். முள் பிரிக்க உட்கார்ந்தால் ஒன்றும் மிஞ்சாது. கப் கணக்கில்தான் தருவார்கள், விலை நாளுக்கு நாள் மாறும். கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். முதல்முறை என்றால் இருவருக்கு ஒரு கப் வாங்கிப் பாருங்கள்.

கறிதோசை என்பது என்ன? கறி வைத்த மசால் தோசையா?

இல்லை. மூன்று அடுக்கு. கல்லில் ஊத்தப்ப கனத்துக்கு மாவு ஊற்றி, மேலே அடித்த முட்டையைப் பரப்பி, அது பாதி இறுகும்போது ஏற்கெனவே மசாலாவில் வெந்த கொத்துக்கறியைத் தூவி அழுத்துவார்கள். ஓரம் சுற்றி எண்ணெய் விட்டு, திருப்பிப் போட்டு, கறிப்பக்கம் கல்லில் பட்டுச் சிவந்ததும் எடுப்பது. முட்டைதான் கறியையும் தோசையையும் பிடித்து வைக்கிற பசை.

கெட்டுப்போகும் இடங்கள் இரண்டு. மாவு மெல்லியதாக இருந்தால் திருப்பும்போது கறி உதிர்ந்து கல்லெல்லாம் சிதறும். கறியில் நீர் வற்றாமல் இருந்தால் முட்டை அடுக்கு ஊறி, தோசை நடுவில் களியாகிவிடும். நல்ல கறிதோசையைப் பிட்டால் மூன்று அடுக்கும் சேர்ந்தே வர வேண்டும். ஒன்று வேக எட்டுப் பத்து நிமிடம் ஆகும். கூட்டத்தில் சொன்ன இரண்டு நிமிடத்தில் வந்தால் முன்பே போட்டு வைத்ததாக இருக்கலாம். மேலே பார்க்க வேண்டாம், அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள்: சூடாகவும் மொறுப்பாகவும் இருக்க வேண்டும்.

சிம்மக்கல் கோனார் கடைதான் இதற்குப் பேர்போனது. பசி எப்படி இருந்தாலும் ஆளுக்கு ஒன்று மட்டும் சொல்லுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம். பார்சல் வாங்க வேண்டாம். பொட்டலத்தில் ஆவி அடைத்து, கால் மணி நேரத்தில் நனைந்த தோசையும் தனிக் கறியுமாகப் பிரிந்துவிடும்.

பரோட்டாவில் எத்தனை வகை? எதைச் சொல்வது?

முதல்முறை என்றால் சாதா பரோட்டா இரண்டு, சால்னா. அது நன்றாக இருக்கும் கடையில் மற்றவையும் நன்றாக இருக்கும். மைதாவைப் பிசைந்து எண்ணெயில் ஊறவைத்து, வீசி, சுருட்டி, தட்டிக் கல்லில் போடுகிறார்கள். வெந்ததும் நாலைந்தை அடுக்கி இரு கைகளாலும் பக்கவாட்டில் அடிப்பதுதான் முக்கியமான வேலை. சூடு தணிவதற்குள் அடித்தால் அடுக்கு பிரியும், ஆறிப்போனால் அடுக்குகள் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் கல்லில் தொடர்ந்து பரோட்டா விழுந்துகொண்டிருக்கும் நேரமாகப் பார்த்துப் போக வேண்டும், இரவு ஏழரையிலிருந்து பத்து வரை. அதற்குப் பிறகு மீந்ததைக் கல்லில் திரும்பச் சூடு பண்ணித் தருவார்கள், ஓரம் விறைத்துப்போகும். அந்நேரத்துக்குக் கொத்து பரோட்டா சொல்வது புத்திசாலித்தனம். ஆறிய பரோட்டாதான் கொத்துக்கு நன்றாகப் பிரியும்.

பன் பரோட்டா மதுரையின் தனி அடையாளமாகிவிட்டது. ஆவின் அருகே சாத்தமங்கலத்தில் உள்ள கடையால் பெயர் பரவி, இப்போது பல இடங்களில் போடுகிறார்கள். சுருளைத் தட்டையாகத் தட்டாமல் சின்ன வட்டமாக, உயரமாக விட்டு, தாராளமான எண்ணெயில் வேகவைப்பது. உள்ளே பஞ்சாக இருக்கும். மொறுமொறுப்பு பிடித்தவர்களுக்கு இது ஏமாற்றம் தரும், அவர்கள் சுமார் 50 கி.மீ. தள்ளி விருதுநகரில் எண்ணெயில் பொரித்துத் தரும் பரோட்டாவைத் தேடிப் போகலாம். வீச்சு பரோட்டா மெல்லியது, மடித்துத் தருவார்கள், வயதானவர்களுக்கு மெல்ல எளிது. கிழி பரோட்டா வாழையிலையில் பரோட்டாவையும் கறிக் குழம்பையும் அடுக்கிக் கட்டி வேகவைப்பது. அதற்குக் கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

சால்னாவுக்குக் காசு கிடையாது, திரும்பத் திரும்பக் கேட்கலாம். "கொஞ்சம் சால்னா விடுங்கண்ணே" என்றால் போதும். பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு மேலே சால்னாவை ஊற்றி ஒரு நிமிடம் ஊறவிட்டுச் சாப்பிடுவது இவ்வூர் வழக்கம். தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டால் அந்த ருசி வராது.

நாங்கள் சுத்த சைவம். பரோட்டாக் கடையில் சாப்பிட முடியுமா?

பெரும்பாலான பரோட்டாக் கடைகளில் வேண்டாம் என்பதே நேர்மையான பதில். சால்னாவின் அடிப்படை எலும்புச் சாறு. "வெறும் குழம்புதான், கறி இல்லை" என்றாலும் அது அசைவம்தான். முட்டையும் கறியும் கொத்தும் அதே கல்லில்தான் பரோட்டாவும் வேகிறது. சில கடைகளில் மாவிலேயே முட்டை சேர்ப்பதுண்டு. சைவ ஓட்டல்களில் மாலையில் பரோட்டா, குருமா போடுகிறார்கள், அங்கே சாப்பிடுங்கள். டவுன்ஹால் ரோடு, மேலப் பெருமாள் மேஸ்திரி வீதி, மாசி வீதிகள் எங்கும் சைவ உணவகங்கள் உண்டு, ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரம்.

வெங்காயம், பூண்டு இல்லாமல் வேண்டுமென்றால் இட்லி, பொங்கல், தயிர்சாதம் வரை சிக்கலில்லை. சாம்பாரில் சின்ன வெங்காயம் இருக்கும். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று பெருங்காயம். கடைகளில் புழங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் மைதா கலப்பது வழக்கம்.

நல்ல இட்லிக் கடையை எப்படிக் கண்டுபிடிப்பது?

சட்னியை முகர்ந்து பாருங்கள். இட்லி மோசமாக இருந்தால் உடனே தெரியும், சட்னி மோசமாக இருந்தால் வயிறு சொன்ன பிறகுதான் தெரியும். தேங்காய்ச் சட்னி மதுரை வெயிலில் மூன்று, நான்கு மணி நேரம் தாங்குவதே பெரிது. இலேசான புளிப்பு வாடை வந்தால் ஒதுக்கிவிடுங்கள். கடையில் சட்னியை ஒரே பெரிய வாளியில் வைத்திருக்கிறார்களா, சிறிது சிறிதாக அரைத்துக் கொண்டுவருகிறார்களா என்று கவனியுங்கள். இரண்டாவது வகைக் கடையில் தைரியமாக உட்காரலாம்.

இட்லியைத் துணித் தட்டில் ஊற்றியிருந்தால் மேலே நெய்த அச்சு தெரியும், அடி ஈரம் கோக்காது. விரலால் அமுக்கினால் மேலெழும்பி வர வேண்டும். உளுந்து குறைந்திருந்தால் கல்லாக இருக்கும், மாவு புளித்துப்போயிருந்தால் நடுவில் பள்ளம் விழும். மேல மாசி வீதியில் முருகன் இட்லிக் கடை மதுரையில் தொடங்கி வெளியூர்களுக்கும் போன கடை. அங்கே பொடி இட்லியும் வெங்காய ஊத்தப்பமும் கேட்டு வாங்கிச் சாப்பிடலாம். சட்னிகள் இலவசம். பொடி, நெய் ஆகியவற்றுக்கு விலை உண்டா என்று எந்தக் கடையிலும் கேட்டுக்கொள்வது நல்லது.

ஜிகர்தண்டாவில் என்ன இருக்கிறது? எது அசல்?

நான்கு பொருள்: வற்றக் காய்ச்சிக் குளிரவைத்த பால், நன்னாரி சர்பத், ஊறிய பாதாம் பிசின், ஐஸ்கிரீம். ஸ்பெஷல் என்றால் மேலே பாசந்தியோ கூடுதல் ஐஸ்கிரீமோ வரும். அசலுக்கும் போலிக்கும் வித்தியாசம் பாலில் இருக்கிறது. சரியாகக் காய்ச்சிய பால் இலேசான பழுப்பு நிறத்தில், கரண்டியில் ஒட்டும் கனத்தில் இருக்கும். வெள்ளைவெளேர் என்று, தண்ணீராக, எசென்ஸ் வாசனையோடு வந்தால் அது ரோஸ்மில்க்கின் தங்கை. ஐஸ்கட்டி போட்டிருந்தாலும் யோசியுங்கள். பால் போதுமான அளவு குளிர்ந்திருந்தால் ஐஸ் தேவையே இல்லை, உருகினால் பாலையும் கெடுக்கும்.

பாதாம் பிசின் மரத்திலிருந்து வடியும் கோந்து. இராத்திரி முழுக்க ஊறினால் பல மடங்கு உப்பும். சரியாக ஊறியது ஒழுங்கற்ற கட்டிகளாக, வழுக்கிக்கொண்டு தொண்டையில் இறங்கும். பல்லில் கடிபட்டால் ஊறவில்லை என்று பொருள். சில கடைகளில் கடல்பாசி போடுவார்கள், அது வெட்டிய துண்டுகளாக, கடித்தால் உடையும். இரண்டும் தவறில்லை, ருசி வேறு.

விளக்குத்தூண் அருகே கீழ மாரட் வீதியில் உள்ள ஃபேமஸ் ஜிகர்தண்டா கடைதான் பலருக்கும் அளவுகோல். பெயர்ப்பலகையில் ‘ஃபேமஸ்’ என்று எழுதிக்கொண்ட கடைகள் ஊரெங்கும் உண்டு, பலகையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சர்பத் அடியில் தங்கியிருக்கும், கலக்கிவிட்டுக் குடியுங்கள். சின்ன டம்ளர் முதலில்.

மாலையில் கோயிலைச் சுற்றி என்ன கிடைக்கும்?

மேலச் சித்திரை வீதியில் கோபு ஐயங்கார் கடையின் வெள்ளையப்பம். பச்சரிசியும் உளுந்தும் அரைத்த மாவை எண்ணெயில் ஊற்றி, சிவக்க விடாமல் வெள்ளையாகவே எடுப்பார்கள். எண்ணெய் அதிகம் காய்ந்தால் சிவந்துவிடும், காயாவிட்டால் எண்ணெய் குடித்துவிடும், அந்தப் பக்குவத்தைக் காண்பதே ஒரு சுகம். காரச் சட்னியோடு, சூடாக, நின்றபடியே.

பருத்திப்பால் தள்ளுவண்டிகளில் வரும். ஊறிய பருத்திக்கொட்டையை ஆட்டிப் பால் பிழிந்து, அரிசி மாவு, கருப்பட்டி அல்லது வெல்லம், சுக்கு, ஏலக்காய் சேர்த்துக் கொதிக்கவைத்து, தேங்காய்த் துருவல் தூவித் தருவது. நன்றாகக் கொதிக்காவிட்டால் பச்சை வாடை அடிக்கும், கிளறாமல் விட்டால் அடிப்பிடிக்கும். வண்டிக்காரர் பேசிக்கொண்டே துடுப்பைப் போட்டுக் கிளறிக்கொண்டிருந்தால் நல்ல வண்டி. முள்ளு முருங்கை இலை அரைத்துச் சேர்த்த பச்சைப் பூரியும் மாலையில் சில தெருக்களில் கிடைக்கும். மழை, சளிக் காலத்துக்கு ஏற்றது, பொடி தூவித் தருவார்கள்.

காபி எப்படிச் சொல்ல வேண்டும்?

மதுரையில் ‘சீனி’ என்று சொல்லுங்கள். "ஒரு காபி, ஸ்ட்ராங்கா, சீனி கம்மியா" போதும். சீனி போட்டுக் கலக்கித்தான் தருவார்கள், ஆகவே வேண்டாமென்றால் முதலிலேயே சொல்ல வேண்டும். முதல் டிகாஷன் காலை ஆறு, ஏழு மணிக்கும் மாலை நான்கு மணி வாக்கிலும் புதிதாக இறங்கும். பதினோரு மணிக்கு வருவது பெரும்பாலும் இரண்டாவது டிகாஷன், நீர்த்திருக்கும். அந்நேரத்துக்கு டீ நல்லது.

அண்ணாநகர், கே.கே.நகர், பைபாஸ் ரோடு கஃபேக்கள் எப்படி?

உட்கார்ந்து பேச, பிறந்தநாள் கொண்டாட, ஏசியில் இரண்டு மணி நேரம் கழிக்கச் சரியான இடங்கள். சாப்பாட்டுக்காக வெளியூரிலிருந்து தேடி வரும் அளவுக்கு மெனுவில் தனித்துவம் குறைவு. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: மயோனைஸ். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்தது. வேகாத முட்டையில் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் பெருகும், நம் ஊர் வெப்பத்தில் வெளியே வைத்தால் இன்னும் வேகமாக. ஷவர்மா, பர்கர் வாங்கும்போது முட்டையில்லாத மயோனைஸா என்று கேளுங்கள், இல்லையென்றால் அது வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஷவர்மாக் கம்பியில் வெளிப்புறம் மட்டும் வெந்து உள்ளே சிவந்திருந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

ரோட்டோரக் கடையில் சாப்பிட்டால் வயிறு கெடுமா?

கடை ரோட்டில் இருப்பதால் கெடுவதில்லை. எண்ணெய், தண்ணீர், ஆறிய பண்டம், இந்த மூன்றால்தான் கெடும். எண்ணெய் கறுத்து, மேலே நுரை கட்டி, கண்ணைக் கரிக்கும் புகை வந்தால் அது திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெய். எண்ணெய் திரும்பத் திரும்பக் காயும்போது பெருகும் கழிவான மொத்தத் துருவச் சேர்மங்கள், சட்டப்படி பொரிக்கும் எண்ணெயில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கருவி இல்லாமல் நமக்கு அளக்க முடியாது, மூக்கும் கண்ணும் போதும். சிக்கன் 65 கைவிரலில் சிவப்பு ஒட்டுகிற அளவுக்கு நிறமாக இருந்தால் செயற்கை நிறம் கலந்திருக்கிறது. அதற்கு அனுமதி இல்லை. மிளகாய்த் தூளின் சிவப்பு எண்ணெயில் இறங்கும், கறியின் உள்ளே இரத்தச் சிவப்பாக ஏறாது.

சூடாகக் கண்முன் செய்து தருவதைச் சாப்பிடுங்கள், தண்ணீரை மட்டும் கையோடு கொண்டுபோங்கள். இந்த இரண்டையும் கடைப்பிடித்தால் பெரும்பாலான தொல்லை வராது.

பில்லில் எதைப் பார்க்க வேண்டும்?

சாதாரண உணவகத்தில் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், மத்திய வரி 2.5, மாநில வரி 2.5 என்று இரண்டு வரியாகக் காட்டுவார்கள். 480 ரூபாய்க்குச் சாப்பிட்டால் 12 + 12 சேர்த்து 504. ஏசி அறையில் உட்கார்ந்தாலும் வரி அதேதான். ஏசி அறைக்குக் கடைக்காரர் வேறு விலைப்பட்டியல் வைத்திருக்கலாம், அதை உட்காரும் முன்பே பார்த்துவிடுங்கள். நாள் வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் உள்ள அறைகள் கொண்ட விடுதியின் உணவகம் என்றால் 18 சதவீதம் வரலாம். தொகுப்பு வரித் திட்டத்தில் உள்ள சிறு கடைகள் வாடிக்கையாளரிடம் தனியாக வரி வாங்கவே கூடாது. பில்லில் ஜி.எஸ்.டி. எண் இல்லாமல் வரி மட்டும் போட்டிருந்தால் கேளுங்கள்.

சேவைக் கட்டணம் கட்டாயமில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் அதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று நெறிமுறை வெளியிட்டது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. எடுக்கச் சொல்லலாம், மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். பரிமாறியவருக்கு மனமுவந்து பத்தோ இருபதோ கொடுப்பது வேறு விஷயம். நல்ல கவனிப்புக்குக் கொடுங்கள்.

பில்லில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்க வேண்டும். கெட்டுப்போன உணவு கொடுத்தால் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322. கடைப் பெயர், இடம், நேரம், பில், உணவின் படம் ஐந்தையும் சேர்த்து அனுப்புங்கள். "அந்தக் கடை மோசம்" என்று மட்டும் எழுதினால் யாராலும் எதுவும் செய்ய முடியாது.

எந்த நாட்களில் வருவதைத் தவிர்க்கலாம்?

சித்திரைத் திருவிழாவில் தேரோட்டத்தன்று மாசி வீதிகளில் வண்டி போகாது. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் வைகைக் கரை, தல்லாகுளம், கோரிப்பாளையம் எல்லாம் மனிதத் தலைகள்தான். திருவிழாவுக்கென்றே வருபவர்கள் நீர்மோரும் பானகமும் குடித்துக்கொண்டு நடக்கலாம், மெஸ் சாப்பாட்டை நம்பி வராதீர்கள். தீபாவளிக்கு முந்தைய வாரம் விளக்குத்தூண், தெற்கு மாசி வீதிப் பக்கம் ஆட்டோகூட நுழையாது. தீபாவளி, பொங்கலை ஒட்டிய ஓரிரு நாட்கள் ஊழியர்கள் ஊருக்குப் போய்விடுவதால் பல கடைகள் மூடியிருக்கும். திருவள்ளுவர் தினம், மகாவீர் ஜெயந்தி, காந்தி ஜெயந்தி போன்ற நாட்களில் இறைச்சிக் கடைகளுக்கு விடுமுறை. அன்று மெஸ்ஸில் புதுக்கறி எதிர்பார்க்க முடியாது.

புரட்டாசி மட்டும் நேர்மாறு. பலர் அசைவத்தை விட்டிருப்பதால் மெஸ்களில் காத்திராமல் இடம் கிடைக்கும்.

குழந்தைகளுக்குக் காரம் இல்லாமல் என்ன கிடைக்கும்?

இட்லி, நெய், சீனி. இடியாப்பமும் ஆப்பமும் தேங்காய்ப்பாலோடு. பரோட்டாக் கடையில் பன் பரோட்டாவைப் பிய்த்துப் பாலும் சீனியும் ஊற்றித் தரச் சொல்லலாம், கேட்டால் தருவார்கள். "காரம் கம்மியா" என்று சொல்லிச் சுக்கா வாங்குவதில் பயனில்லை. மசாலா ஏற்கெனவே கறியில் ஏறிவிட்டது.

ஊருக்கு என்ன வாங்கிப் போகலாம்?

ரயில் நிலையம் பக்கத்தில் பிரேமா விலாஸ் அல்வா. அங்கேயே சூடாக இலையில் கொஞ்சம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, ஊருக்குத் தனியாகக் கட்டச் சொல்லுங்கள். சூடான அல்வாவை மூடி வைத்தால் வேர்த்து, சீக்கிரம் பூசணம் பிடிக்கும், ஆறிய பிறகு மூடுங்கள். சுமார் 20 கி.மீ. தள்ளி அழகர்கோவிலுக்குப் போனால் பிரசாதக் கடையில் தோசை கேளுங்கள். அரிசியும் கறுப்பு உளுந்தும் இடித்து, மிளகு, சுக்கு சேர்த்து நெய்யில் வேகவைத்த கனத்த தோசை, வழிப்பயணத்துக்குத் தாங்கும்.

இரவு ரயிலில் சாப்பிட இட்லி வாங்குவதாக இருந்தால் பொடியும் நல்லெண்ணெயும் கேளுங்கள், தேங்காய்ச் சட்னி வேண்டாம். கூட்டத்தைக் கணக்கில் வைத்து, வண்டி கிளம்ப ஒன்றரை மணி நேரம் முன்னதாகக் கடைக்குப் போங்கள். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருந்தாலும் சில இடங்களில் கொதிக்கும் சால்னாவை மெல்லிய கவரில் கட்டித் தருகிறார்கள். அதை வாங்காதீர்கள். வீட்டிலிருந்து ஒரு சின்னத் தூக்குவாளி கொண்டுபோனால் தயங்காமல் ஊற்றித் தருவார்கள், பெரும்பாலும் அளவும் கொஞ்சம் கூடும். ஜிகர்தண்டாவை மட்டும் எந்த ஊருக்கும் எடுத்துப் போக நினைக்காதீர்கள். அரை மணி நேரத்தில் ஐஸ்கிரீம் கரைந்து, பால் வெதுவெதுத்து, பிசின் அடியில் தங்கிவிடும்.